உயிரியல், நர்சிங், மருத்துவம்: சேர என்னென்ன வேண்டும்? சேலத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு விளக்கம்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் சேலத்தில் எந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "இந்த மார்க்குக்கு என்ன சார் கிடைக்கும்?" ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வந்த அப்பாவும் அதைத்தான் கேட்கிறார், அம்மாபேட்டையில் தறி ஓட்டும் அம்மாவும் அதைத்தான் கேட்கிறார். ஆனால் மார்க்கை மட்டும் வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது. உயிரியல் சார்ந்த எந்தப் பட்டப்படிப்பிலும் சேர நான்கு விஷயங்கள் பார்க்கப்படுகின்றன. பிளஸ் டூவில் என்ன பாடங்கள் படித்தீர்கள், அந்தப் படிப்புக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதியைத் தாண்டினீர்களா, தரவரிசையில் எத்தனையாவது ஆள், எந்த ஒதுக்கீட்டில் வருகிறீர்கள் என்பதற்குக் கையில் சான்றிதழ் இருக்கிறதா. இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள்கூடக் கைக்கு எட்டிய இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

நான்கில் முதலாவது, ரிசல்ட் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் படித்தால்தான் முழுப் பயன்.

குரூப் எடுக்கும் நாள்

பத்தாவது முடித்துப் பதினொன்றில் சேரும்போது அறிவியல் பக்கம் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணிதமும் சேர்ந்தது ஒன்று. பயோ மேத்ஸ் என்போம். கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாக வருவது பியூர் சயின்ஸ். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வருவது கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருப்பதில்லை. நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ இருக்கும் பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியில் எது இருக்கிறதோ அதுதான் குரூப் என்று ஆகிவிடுவது எளிது. சேர்க்கை நாளன்று பள்ளிக்குப் போகும் பெற்றோர், "இந்த குரூப் எடுத்தால் பின்னால் எந்தப் படிப்புக்கெல்லாம் போக முடியாது?" என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். எதற்கெல்லாம் போகலாம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். போக முடியாதது எது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் கட்டாயம். உயிரியல் என்ற இடத்தில் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து இருந்தாலும் சரி. கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கும் அடிப்படை இதே கூட்டணிதான்.

பார்மசி மட்டும் கொஞ்சம் தாராளம். இந்திய பார்மசி கவுன்சில் விதிப்படி பி.பார்ம். சேர இயற்பியலும் வேதியியலும் இருந்து, அவற்றோடு உயிரியலோ கணிதமோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஆகவே கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டு, பிறகு மருத்துவத் துறைப் பக்கம் மனம் திரும்பிய பிள்ளைக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது. ஆறாண்டுப் படிப்பான பார்ம்.டி.யிலும் உயிரியலுக்குப் பதில் கணிதம் ஏற்கப்படுகிறது.

உயிரி தொழில்நுட்பத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பயோடெக்னாலஜி என்ற பெயரிலேயே இரண்டு படிப்புகள் உண்டு. பி.எஸ்சி. பயோடெக் கலை அறிவியல் கல்லூரியில் வருவது. உயிரியல் படித்தவர்கள் சேரலாம். பி.டெக். பயோடெக் பொறியியல் கலந்தாய்வில் வருவது. அங்கே தரவரிசையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியல் மார்க் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. பியூர் சயின்ஸில் தாவரவியலிலும் விலங்கியலிலும் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை அந்த வரிசையில் நிற்கவே முடியாது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமல், கவுன்சலிங் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரியவருகிறது. கணிதம் ஓரளவு வருகிற பிள்ளை என்றால் பயோ மேத்ஸ் எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். கணிதம் கண்டாலே பயப்படும் பிள்ளையை அதில் தள்ள வேண்டியதில்லை. பியூர் சயின்ஸ் எடுத்தால் மருத்துவமோ நர்சிங்கோ தாவரவியல் ஆராய்ச்சியோ எதுவும் கைநழுவிப் போகாது.

உயிரியலே படிக்காமல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு வழி பிற்பாடு திறந்தது. பிளஸ் டூ தேறிய பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. வழி இருக்கிறது என்பதற்காக அதை நம்பி குரூப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பள்ளி முடித்த பிறகு ஆய்வகம் இல்லாமல், ஆசிரியர் இல்லாமல் உயிரியலைத் தனியாகப் படிப்பது பெரிய பாடு.

எல்லைக்கோடும் வரிசையும்

எல்லைக்கோடு என்றால், அதைத் தொட்டவர் எல்லாரும் விண்ணப்பிக்கலாம். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் கோடு, மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்து 45 சதவீதம். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும். வயதில் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை. மருத்துவம், நர்சிங், கால்நடை மருத்துவம் எல்லாவற்றுக்கும் சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் பள்ளியில் சேர்த்த பிள்ளைகள் மட்டும் பிறந்த தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

கோட்டைத் தாண்டியவர்களை வரிசையில் நிறுத்துவது அடுத்த வேலை. 50 இடத்துக்கு 5,000 பேர் தகுதியோடு வந்தால் முதல் 50 பேருக்கு இடம். அந்த ஐம்பதாவது ஆளின் மதிப்பெண்ணைத்தான் "போன வருஷ கட்-ஆஃப்" என்று எல்லாரும் சொல்கிறோம். அதை யாரும் முன்கூட்டியே நிர்ணயிக்கவில்லை. சேர்க்கை முடிந்த பிறகு தானாக விழுந்த எண் அது. ஏற்காட்டில் போன வருடம் காப்பிக்கொட்டை என்ன விலைக்குப் போனது என்பதைப் போலத்தான். இந்த வருடமும் அதே விலை கிடைக்கும் என்று எந்த வியாபாரியும் எழுதித் தர மாட்டார். பழைய கட்-ஆஃபைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று நான்கு வருட எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீச்சு தெரியும், அது உதவும். ஒரே வருடத்து எண்ணைப் பார்த்துவிட்டு, "நமக்கு இரண்டு மார்க் குறைகிறது" என்று விண்ணப்பமே போடாமல் விடுவதுதான் வேண்டாம்.

இன்னொன்று: ஒவ்வொரு வரிசைக்கும் கணக்கு வேறு. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பயோ மேத்ஸ் படித்த ஒரு பெண், இயற்பியலில் 78, வேதியியலில் 84, உயிரியலில் 92, கணிதத்தில் 61. பியூர் சயின்ஸ் படித்த அவளுடைய தோழி, இயற்பியலிலும் வேதியியலிலும் அதே 78, 84. தாவரவியலில் 88, விலங்கியலில் 90.

அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ விண்ணப்பித்தால், மொழிப் பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களையும் கூட்டி 400-க்குத் தரவரிசை போடுவார்கள். முதல் பெண்ணுக்கு 315. தோழிக்கு 340. தோழி வெகுதூரம் முன்னால் நிற்கிறாள்.

இதே இருவரும் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே 200-க்குக் கணக்கு. உயிரியலுக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தாவரவியல், விலங்கியல் என்றால் ஒவ்வொன்றும் 50. முதல் பெண்ணுக்கு 92, 39, 42 சேர்ந்து 173. தோழிக்கு 44, 45, 39, 42 சேர்ந்து 170. இப்போது முதல் பெண் முன்னால். மார்க் ஒன்றும் மாறவில்லை, கூட்டும் முறைதான் மாறியது. அந்த முதல் பெண்ணே பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால் 61, 39, 42 சேர்ந்து 142-தான். இதனால்தான் 600-க்கு எவ்வளவு என்று கேட்பவரிடம், எந்தப் படிப்புக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று செய்முறைத் தேர்வு. உயிரியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பொதுத்தேர்வு விடைத்தாளில் ஒரு மார்க்குக்குத் தவிக்கும் பிள்ளை, வருடம் முழுக்க ஆய்வகத்தில் ஒழுங்காக வேலை செய்து பதிவேட்டை முடித்திருந்தால் அந்த 30 மார்க் பத்திரம்.

நீட் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை முறை பலமுறை மாறியிருக்கிறது. 1980-களின் நடுவில் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. 2007-ல் அது சட்டத்தின் மூலம் எடுக்கப்பட்டு, பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை நடந்தது. 2017 முதல் நீட். வீட்டில் இருக்கும் அண்ணன், மாமா, டியூஷன் வாத்தியார் ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், ஒவ்வொருவரும் தங்கள் காலத்து முறையைச் சொல்வதுதான்.

இப்போதைய நிலை இது. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி ஆகியவற்றுக்கு நீட் இல்லாமல் முடியாது. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற வேறுபாடு இதில் கிடையாது. "நீட் இல்லாமலே எம்.பி.பி.எஸ். சீட் வாங்கித் தருகிறோம்" என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கும் நீட் தகுதி தேவை. அதோடு, அந்தப் படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியோடு இருக்க வேண்டும் என்பது 2021-ல் வந்த விதி. திரும்பி வந்து இங்கே தனித் தேர்வும் எழுதித் தேற வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு ஏஜென்ட் எழுத்தில் பதில் தராவிட்டால் முன்பணம் தராதீர்கள். நிலத்தை விற்றுப் பிள்ளையை அனுப்புகிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., ஆய்வகத் தொழில்நுட்பம், கதிரியக்கத் தொழில்நுட்பம், டயாலிசிஸ், அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம் போன்றவற்றின் மாநில இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்து, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில் நிரப்பப்பட்டு வருகின்றன. கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மார்க். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட். புதுச்சேரி ஜிப்மரில் நர்சிங் சேரவும் நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். பிசியோதெரபி போன்ற துணை மருத்துவப் படிப்புகளின் விதிகளை, 2021-ல் வந்த ஒரு தேசியச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையம் திருத்தி அமைத்துவருகிறது. ஆகவே அந்தப் படிப்புகளை நினைப்பவர்கள், தாங்கள் சேரும் ஆண்டின் தகவல் தொகுப்பேட்டையே (பிராஸ்பெக்டஸ்) பார்க்க வேண்டும், அக்கம்பக்கத்துப் பேச்சை நம்பி நீட் விண்ணப்பத்தைத் தவறவிடக் கூடாது.

நீட் தேர்வில் 180 கேள்விகள், மொத்தம் 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 குறையும். 110 கேள்வி சரி, 50 தவறு, 20 விட்டுவிட்டார் என்றால் 440-லிருந்து 50 போக 390. பாதி மதிப்பெண் உயிரியலில் இருப்பதால், தாவரவியலும் விலங்கியலும் வரிவரியாகப் படித்த பிள்ளைக்கு அடித்தளம் உண்டு. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இருவர் சம மதிப்பெண் எடுத்தால் முதலில் உயிரியல் மார்க்கைத்தான் பார்ப்பார்கள்.

இதிலும் ஒரு எல்லைக்கோடு உண்டு. பொதுப் பிரிவுக்கு 50-வது பெர்சன்டைல், இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40-வது பெர்சன்டைல். இதை 50 சதவீத மார்க் என்று எடுத்துக்கொண்டு, 720-ல் பாதியான 360 வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேரையாவது நீங்கள் முந்தியிருக்க வேண்டும் என்பதுதான் 50-வது பெர்சன்டைல். அதனால் அந்தக் கோடு வருடத்துக்கு வருடம் நகரும். பொதுப் பிரிவில் அது 2023-ல் 137, 2024-ல் 162, 2025-ல் 144. அதாவது 150 மதிப்பெண் எடுத்த பொதுப் பிரிவு மாணவர் 2023-லும் 2025-லும் தகுதி பெற்றிருப்பார், 2024-ல் பெற்றிருக்க மாட்டார். அந்தக் கோட்டைத் தாண்டுவது வரிசையில் நிற்க அனுமதி பெறுவது மட்டுமே. அரசு மருத்துவக் கல்லூரி இடம் அதற்கு வெகு மேலே இருக்கிறது. "நீட் பாஸ் பண்ணிட்டான், இனி டாக்டர்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு பிள்ளையை வருத்துவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

ஒதுக்கீடும் சான்றிதழும்

வரிசை ஒன்று மட்டும் இல்லை. ஒரே படிப்புக்குப் பல வரிசைகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும், மீதி 85 மாநிலத்துக்கு. சேலத்தில் 1986-ல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரிக்கும் இதுதான் கணக்கு. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனித்தனிக் கலந்தாய்வு. மாநில இடங்களில் நம் 69 சதவீத இட ஒதுக்கீடு. அகில இந்திய இடங்களில் மத்திய அரசின் ஒதுக்கீடு.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் இதில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாநில ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். அகில இந்திய ஒதுக்கீட்டில் 7.5 சதவீதம். அங்கே நாடு முழுவதும் உள்ள பழங்குடி மாணவர்களோடு போட்டி என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொண்டு அந்த வாசலைத் தட்டாமலே விடுவது சரியில்லை. இதற்கு வேண்டிய பழங்குடிச் சாதிச் சான்றிதழை வருவாய் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை உண்டு, நாளாகும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு இதற்கு அலைய ஆரம்பித்தால் கலந்தாய்வுத் தேதி தாண்டிவிடும். பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு வேறொரு சிக்கல். மாநிலத்தில் செல்லும் சாதிச் சான்றிதழ் அகில இந்திய இடங்களுக்குச் செல்லாது. மத்தியப் பட்டியலின்படி, வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று தனியாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கும் இ-சேவை மையத்தில்தான் விண்ணப்பம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீண்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நலத்துறை நடத்தும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் அடக்கம். இந்த ஒதுக்கீட்டில் வருகிறவர்களுக்கு வரிசை சிறியது, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் இடையில், "ஒரே ஒரு வருஷம் நல்ல ஸ்கூல்ல படிக்கட்டும்" என்று எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். ஆசையோடு செய்வதுதான். விளைவைத் தெரிந்துகொண்டு செய்யட்டும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வேறு மாநிலத்தில் சில வருடம் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயரும் தந்தையின் பெயரும் தலைப்பெழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, மாற்றுச் சான்றிதழில் ஒரு மாதிரி என்றால் கலந்தாய்வு நாளில் வீண் அலைச்சல்.

உயிரியலை உயிரியலாகவே படிக்க

மருத்துவம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாகவே பி.எஸ்சி. உயிரியல் படிப்புகளைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏற்காட்டில் 1963-ல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் அமைத்த ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காப்பியும் மிளகும் சில்வர் ஓக்கும் காட்டெருமையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சூழலியலும் தாவரவியலும் பாடப்புத்தகத்தைத் தாண்டிய பாடங்கள்.

சேர்க்கை நிபந்தனை இங்கே எளிது. தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் பிளஸ் டூவில் உயிரியலோ அந்தந்தப் பாடமோ படித்திருக்க வேண்டும். உயிர் வேதியியலுக்கு வேதியியல் முக்கியம். நுண்ணுயிரியல், பயோடெக் போன்றவற்றுக்குக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் தகுதிப் பாடங்களைச் சொல்லியிருக்கும். நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அது கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகம். அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம், கட்டணம் சில பத்து ரூபாய்தான். மே மாதத்திலேயே முடிந்துவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நீட் முடிவு வரட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்த விண்ணப்பத்தைத் தவறவிடுகிறார்கள். இரண்டுக்கும் போடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்: பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில்.

ஆராய்ச்சியில் உண்மையான ஆர்வம் இருந்தால் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கும் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை நினையுங்கள். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலிருந்தும் தலா 15 கேள்விகள், மொத்தம் 240 மதிப்பெண். பிளஸ் டூவில் இவற்றில் மூன்று பாடங்களாவது படித்து 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55. பியூர் சயின்ஸ் பிள்ளையும் எழுதலாம், ஆனால் கணிதக் கேள்விகளில் பின்தங்குவார்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர், "முதல்ல பயாலஜி டிகிரி முடிச்சுட்டு அப்புறம் மெடிக்கல் போகலாமே" என்று சொல்லக்கூடும். அங்கே முறை அப்படித்தான். நான்காண்டுப் பட்டம் படித்து, அதற்குள் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, அதன்பின் மருத்துவக் கல்லூரி. இங்கே பி.எஸ்சி. முடித்தாலும் எம்.பி.பி.எஸ். சேர வேண்டுமானால் மறுபடி நீட் வரிசையில் எல்லாரோடும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். பட்டத்துக்குத் தனிச் சலுகை கிடையாது.

கல்லூரியின் தகுதியையும் பாருங்கள்

இவ்வளவு நேரம் பிள்ளையின் தகுதியைப் பார்த்தோம். கல்லூரிக்குத் தகுதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மாடிக் கட்டடத்தில் இரண்டு அறை பிடித்து, "பாராமெடிக்கல்" என்று பலகை மாட்டி, ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று சொல்லும் இடங்களில் சேர்ந்து, மூன்று வருடம் கழித்து நர்சாகப் பதிவு செய்ய முடியாமல் நிற்கும் பெண்களை நான் அறிவேன். பெரும்பாலும் அவர்கள் கிராமத்துப் பிள்ளைகள், மலைக் கிராமத்துப் பிள்ளைகள். நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சிலும் மாநில நர்சிங் கவுன்சிலும், பார்மசி என்றால் பார்மசி கவுன்சிலும், எம்.பி.பி.எஸ். என்றால் தேசிய மருத்துவ ஆணையமும் அங்கீகரித்திருக்க வேண்டும். துணை மருத்துவப் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியிடம், எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தரும் என்று கேளுங்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் வெளியிடும் இணைவுக் கல்லூரிப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயரும், நீங்கள் சேரும் படிப்பின் பெயரும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி இருக்கும், அந்தப் படிப்புக்கு மட்டும் அனுமதி இருக்காது என்பதும் நடப்பதுண்டு.

பட்டப்படிப்பில் இடம் கிடைக்காத பெண்ணுக்கோ பையனுக்கோ மூன்றாண்டு நர்சிங் டிப்ளமா ஒரு நேர்மையான வழி. அதை முடித்துப் பதிவு பெற்றவர்கள் இரண்டாண்டில் பட்டமாக உயர்த்திக்கொள்ளலாம். டி.பார்ம். முடித்தவர்கள் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ சேலம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ முதல் சுற்றில் இடம் வராவிட்டால் அதோடு பட்டியல் முடிந்துவிடுவதில்லை. இடம் கிடைத்தும் சேராதவர்கள், வேறு படிப்புக்கு மாறியவர்கள் விட்டுப்போகும் இடங்கள் அடுத்தடுத்த சுற்றுகளில் வரும். முதல் சுற்றில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேலே மாறக் காத்திருக்கலாமா, விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்கு வரலாமா, விட்டால் கட்டிய பணம் திரும்புமா என்பதற்கு ஒவ்வொரு கலந்தாய்வுக்கும் வெவ்வேறு விதி. அந்தப் பக்கத்தை மட்டுமாவது, எந்தக் கல்லூரி முதலில் வேண்டும் என்ற விருப்பப் பட்டியலை இணையத்தில் பூட்டுவதற்கு முந்தின நாள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து தகவல் தொகுப்பேட்டில் சத்தமாக வாசித்துவிடுங்கள்.